திருத்தணி ரயிலில் ஏறிய அரிவாள்

2025 டிசம்பர் 27. திருத்தணி மலையில் படித் திருவிழாவுக்கு இன்னும் நான்கே நாள். ஆண்டின் கடைசி நாளில், 365 படிகளுக்கும் பூசை செய்து, திருப்புகழ் பாடியபடி பக்தர்கள் ஏறும் விழா அது.

அன்று சென்னையிலிருந்து திருத்தணிக்கு வந்த புறநகர் ரயிலில் நான்கு பையன்கள் இருந்தார்கள். நால்வருக்கும் வயது 17. கையில் அரிவாள். உடன் பயணித்த வடமாநில இளைஞர் ஒருவரின் கழுத்தருகே அதை வைத்து ரீல்ஸ் எடுத்தார்கள். திருத்தணியில் இறங்கியதும் அவரை ரயில் நிலையத்தை ஒட்டிய ஆளரவமற்ற இடத்துக்குக் கொண்டுபோய் வெட்டினார்கள். அதையும் படம் எடுத்தார்கள். வெட்டுப்பட்டவரின் அருகில் நின்று ஒருவன் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினான்.

அடுத்த சில நாட்கள் தமிழ்நாடு முழுக்க இதே பேச்சு. வடமாநிலத்தவர் மீதான வெறுப்பா, கஞ்சாவா, சினிமாவா, ரீல்ஸ் மோகமா, ஆட்சியின் தோல்வியா என்று தொலைக்காட்சிகள் இரவு தோறும் விவாதித்தன. வடமண்டலக் காவல்துறைத் தலைவர் அஸ்ரா கார்க் செய்தியாளர்களைச் சந்தித்து விளக்கம் அளித்தார். கேட்கப்பட்டவை எல்லாமே நியாயமான கேள்விகள்தாம். ஆனால், அவற்றுக்கெல்லாம் முந்திய எளிய கேள்வி ஒன்று பெரிதாக எழவில்லை. ஓடும் ரயிலில், நூற்றுக்கணக்கானவர்களுக்கு நடுவில், அந்த அரிவாள் எப்படி வந்தது? முதல் வெட்டு விழும்வரை அதைக் கையில் வைத்திருந்தது நம் சட்டப்படி குற்றமா, இல்லையா?

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் பதில் சங்கடம் தருகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதங்கள் சட்டம்தான் இங்கே அடிப்படை. செய்திகளில் ‘ஆயுதத் தடைச் சட்டம்’ என்று வருவதும் இதுதான். தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட எதுவும் ஆயுதம் என்கிறது அது. கூர்முனைப் பொருட்களும் அதில் அடக்கம். ஆனால் வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்யப்பட்ட பொருட்களை அந்த வரையறையிலிருந்து நீக்கிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இன்னும் நுணுக்கமாகப் போகின்றன. வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி ஆகியவற்றோடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளையும் பட்டியலிடுகின்றன. அங்கேயும் அதே விலக்கு: வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவை இதில் சேரா.

அரிவாள் விவசாயக் கருவி. அது களத்துமேட்டில் இருந்தாலும் ரயில் பெட்டியில் இருந்தாலும் அதன் வடிவம் ஒன்றுதான். வடிவத்தை வைத்து அளக்கும் சட்டத்துக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

அது மட்டுமல்ல. துப்பாக்கி வைத்திருக்க நாடு முழுவதும் உரிமம் தேவை. வாளுக்கும் கத்திக்கும் அப்படியில்லை. இன்ன பகுதியில் நிலைமை சரியில்லை, அங்கே இன்ன வகைக் கத்திகளுக்கும் உரிமம் வேண்டும் என்று அரசிதழில் அறிவிக்கை வந்தால்தான் சட்டத்தின் 4ஆவது பிரிவு உயிர் பெறும். அதை மீறினால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அறிவிக்கை இல்லாத ஊரில் அந்தப் பிரிவு வெறும் எழுத்துதான். இதனால் எல்லையோர ஊர்களில் ஒரு விநோதம் நேரக்கூடும். திருத்தணியில் பேருந்து ஏறி, சிறிது நேரத்தில் ஆந்திரத்தின் நகரியில் இறங்குபவர், இடுப்பிலிருக்கும் அதே கத்தியுடன் ஒரு பக்கம் குற்றவாளியாகவும் மறுபக்கம் குற்றமற்றவராகவும் ஆகலாம். எந்தப் பக்கம் என்ன அறிவிக்கை இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. சாமானியரை விடுங்கள், பணியில் இருக்கும் எத்தனை காவலர்களுக்கு இது தெரிந்திருக்கும்?

திருத்தணியை வைத்தே யோசித்துப் பார்க்கலாம். 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாகத் தமிழ்நாட்டோடு இணைந்த ஊர் இது. ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திரத்திலிருந்து காவடிகள் சாரிசாரியாக வரும். சுற்றுக் கிராமங்களில் வெட்டும் கரும்பு திருவாலங்காடு ஆலைக்குப் போகும். கரும்பு வெட்டுபவர் கையில் கத்தி உண்டு. இளநீர் சீவுபவர், மாங்காய் நறுக்குபவர், இறைச்சிக் கடைக்காரர், முடியிறக்குபவர் எல்லோரும் கூர்முனையை நம்பிப் பிழைப்பவர்கள். மலைமேல் நிற்கும் முருகனின் அடையாளமே வேல். ஆயுத விதிகளின் பட்டியலில் ஈட்டி இருந்தாலும், காவடியோடு வேல் ஏந்தி வரும் பக்தரை எந்தக் காவலரும் நிறுத்துவதில்லை, நிறுத்தவும் கூடாது. ஏன் நிறுத்துவதில்லை? அவர் எதற்காக அதை எடுத்துப் போகிறார் என்பது பார்த்தவுடனே விளங்குகிறது. சட்டப் புத்தகத்தின் அங்குலக் கணக்கைவிட அந்தக் காவலரின் பொது அறிவு இங்கே நன்றாக வேலை செய்கிறது. எதை வைத்திருக்கிறார் என்பதோடு எங்கே, எப்போது, எதற்காக வைத்திருக்கிறார் என்று கேட்பதுதான் சரியான வழி.

ஆயுதங்கள் சட்டத்துக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு ஒரு வாசல் இருக்கிறது. அதன் 20ஆவது பிரிவு, ஆயுதத்தைச் சட்டவிரோத நோக்கத்துக்காகக் கொண்டுபோகிறார் என்று நியாயமாகச் சந்தேகிக்கும்படியான சூழலில் ஒருவர் இருந்தால், உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிடியாணையின்றிக் கைது செய்து ஆயுதத்தைப் பறிமுதல் செய்ய அதிகாரம் தருகிறது. ஆனால் அங்கும் ‘ஆயுதம்’ என்ற சொல்லே குறுக்கே நிற்கிறது. விவசாயக் கருவி ஆயுதமா என்ற வாதம் நீதிமன்றத்தில் திரும்ப எழும்.

பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளைக் கட்டுப்படுத்த டெல்லி நிர்வாகம் 1980இல் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. அதை வைத்து அங்கே கத்தியோடு பிடிபட்டவர்கள் மீது பல்லாண்டுகளாக வழக்குகள் போடப்பட்டன. அப்படி ஒரு வழக்கு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு அதை ரத்து செய்தது. அறிவிக்கை தடுப்பது உற்பத்தியையும் விற்பனையையும் விற்பதற்காக வைத்திருப்பதையும்தான். விற்பனை நோக்கம் இருந்ததாகக் குற்றப்பத்திரிகை சொல்லவில்லை. வெறுமனே கையில் வைத்திருந்தது அந்த அறிவிக்கைப்படி குற்றமாகாது என்றது நீதிமன்றம். தலைநகரிலேயே, நாற்பத்தைந்து ஆண்டுப் பழமையான ஒரு அறிவிக்கையின் பொருள் இவ்வளவு காலம் காவல்துறைக்குத் தெளிவாகவில்லை.

சட்டம் இப்படித் தடுமாறும்போது நடைமுறை தனக்கென ஒரு மொழியை உண்டாக்கிக்கொள்கிறது. தமிழ்நாட்டுக் காவல் நிலையச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு அந்த மொழி மனப்பாடம். “ரோந்துப் பணியில் இருந்தபோது சந்தேகத்துக்கிடமான வகையில் நின்றிருந்தவர் முன்னுக்குப்பின் முரணாகப் பதில் அளித்தார். சோதனையிட்டதில் இடுப்பில் மறைத்து வைத்திருந்த கத்தி பறிமுதல் செய்யப்பட்டது.” கத்தி வைத்திருந்தது மட்டும் வலுவான வழக்காக நிற்காது என்பதால், கத்தியைக் காட்டி மிரட்டினார், பணம் பறித்தார் என்ற பகுதியும் பல சமயம் சேர்ந்துகொள்கிறது. உண்மையிலேயே மிரட்டியவரும் இருப்பார், கணக்குக் காட்டப் பிடிக்கப்பட்டவரும் இருப்பார். ஒரே அச்சில் வார்த்த முதல் தகவல் அறிக்கைகள் நீதிமன்றத்துக்குப் போகும்போது, யார் எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பது கடினம். பாதிப்பு இரண்டு பக்கமும்தான். நிரபராதி மாட்டிக்கொள்கிறார், கத்தியோடு அலைந்தவர் விடுதலையாகிறார்.

இந்த ரயில் தடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. சென்னையின் கல்லூரிகளுக்குத் திருத்தணி, அரக்கோணம் பக்கமிருந்தும் கும்மிடிப்பூண்டி பக்கமிருந்தும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தினமும் ரயிலேறுகிறார்கள். பலர் அவரவர் வீட்டில் கல்லூரிக்குள் காலடி வைக்கும் முதல் தலைமுறை. ‘ரூட்டு தல’ என்ற பெயரில் ரயில் தடத்துக்கும் பேருந்துத் தடத்துக்கும் தலைமை, கல்லூரிக்குக் கல்லூரி பகை, நடைமேடையில் பட்டாக்கத்தியைத் தேய்த்து நெருப்புப் பொறி பறக்கவிடும் ‘கெத்து’ எல்லாம் பல ஆண்டுகளாக வீடியோக்களாகவே சுற்றிவந்திருக்கின்றன. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் மாநகரப் பேருந்துக்குள் புகுந்து கல்லூரி மாணவர்கள் கத்தியால் வெட்டிக்கொண்டதை நகரமே பார்த்தது. 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரலில் வேறு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர், சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். அவர் திருத்தணிப் பகுதியைச் சேர்ந்தவர், 19 வயது. திருத்தணிக்கு இந்தத் தடத்தின் வன்முறை 2025 டிசம்பரில் புதிதாக வந்ததல்ல. பதினான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு பிள்ளையை அந்த ஊர் ஏற்கெனவே இழந்திருந்தது.

ரயிலில் யார் சோதிப்பது என்பதிலும் சிக்கல் இருக்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசின் கீழ் வருகிறது. இருப்புப்பாதை காவல்துறை மாநில அரசுடையது. நிலைய வாசலைத் தாண்டினால் உள்ளூர்க் காவல் நிலையம். சென்ட்ரலிலிருந்து திருத்தணி 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் நிற்கும் நிலையங்கள் ஏராளம். புறநகர் மின்ரயிலில் பெட்டிக்குப் பெட்டி காவலர் நிற்பது நடக்காத காரியம். அப்படியானால் ஆபத்தான கருவி ஒன்று வெளியே எடுக்கப்படும் நொடியில் சக பயணி யாரைக் கூப்பிடுவது, எந்த நிலையத்தில் யார் காத்திருப்பது என்பதாவது தெளிவாக இருக்க வேண்டும்.

காவல்துறை சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. அதன் நடவடிக்கைகள் அலைபோல் எழுந்து அடங்குகின்றன என்பதுதான் குறை. 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி தன் பிறந்தநாள் கேக்கை அரிவாளால் வெட்டியபோது, காவல்துறை சுற்றிவளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. 2021 செப்டம்பரில், தென் மாவட்டங்களில் பழிக்குப்பழிக் கொலைகள் தொடர்ந்ததும், அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு மாநிலம் முழுவதும் தேடுதல் வேட்டைக்கு உத்தரவிட்டார். சில நாட்களில் 3,325 பேர் கைதானார்கள்; ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் சிக்கின. கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைகள் வாங்குபவரின் பெயர், முகவரி, தேவை ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும், கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்றும் அப்போது அறிவுறுத்தப்பட்டது.

பட்டறைக்காரரிடம் பதிவேடு கேட்பதில் பொருள் இருக்கிறது. திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களில் அரிவாள் செய்வது தலைமுறைத் தொழில். கொல்லர்களுக்குத் தங்களிடம் வருவது விவசாயியா வேறு ஆளா என்று பெரும்பாலும் தெரியும். ஆனால் அந்தச் சுமை முழுவதையும் உலைக்களத்தில் வேகும் ஒருவர் தலையில் வைத்துவிட்டு, இணையத்தில் பட்டாக்கத்தியைப் படம் போட்டு விற்கும் கடையை விட்டுவிடுவது நேர்மையாகாது. கூரியரில் பெட்டியைக் கொண்டுவருபவர் வாங்குபவரின் வயதைக் கேட்பதில்லை.

கத்திகளைப் பறித்துக் குவிப்பதன் எல்லை என்ன என்பதற்குப் பழைய சென்னை மாகாணத்திலேயே ஒரு பாடம் கிடக்கிறது. மலபாரில் நிலவுரிமைப் பூசலும் மத உணர்வும் கலந்த மாப்பிளைக் கிளர்ச்சிகள் தொடர்ந்தபோது, ஆங்கிலேய அரசு 1854இல் போர்க்கத்திகளைத் தடை செய்யத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. கலெக்டர் கானலி முன்நின்று ஊர் ஊராக ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகளை ஒப்படைக்கச் செய்தார். 1855 செப்டம்பரில், கோழிக்கோட்டில் தன் வீட்டிலேயே கானலி வெட்டிக் கொல்லப்பட்டார். கத்திகள் குறைந்திருந்தன, அவற்றை எடுக்கவைத்த காரணங்கள் அப்படியே இருந்தன.

பிரிட்டன் இன்றுவரை இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கூர்முனைப் பொருளை வைத்திருப்பதே குற்றம். மூன்று அங்குலத்துக்கு மிகாத மடிப்புப் பேனாக்கத்திக்கு மட்டும் விலக்கு. தொழிலுக்காக எடுத்துப் போகிறேன், மத நம்பிக்கைக்காக அணிந்திருக்கிறேன் என்பவை தக்க காரணங்கள். அதை நிரூபிக்க வேண்டியவர் வைத்திருப்பவர். கிர்பான் என்னும் குறுவாள் அணியும் சீக்கியருக்கு அங்கே சிக்கல் இல்லை. இந்திய அரசமைப்பின் 25ஆவது பிரிவும் அதே உரிமையைத் தருகிறது. 2024 செப்டம்பரில் ‘ஜாம்பி’ பாணிக் கத்திகளையும் 2025 ஆகஸ்டில் ‘நிஞ்ஜா’ வாள்களையும் பிரிட்டன் தடை செய்தது. சட்டத்தின் வாசகத்தில் குழப்பம் குறைவு. குழப்பம் நடைமுறையில் வந்தது. நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் கறுப்பின இளைஞர்கள் மீது அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிடப் பல மடங்கு அதிகமாகப் பாய்ந்தது. அதனால் எழுந்த கசப்பு இன்னும் ஆறவில்லை.

தமிழ்நாட்டில் அத்தகைய அதிகாரம் எந்தத் தெருவில், எந்தச் சாதிப் பையன் மீது, எந்த மாநிலத் தொழிலாளி மீது முதலில் பாயும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பிடிபட்டவர்கள் கழிவறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வரும் புகைப்படங்களைக் கைதட்டி வரவேற்கும் மனநிலை இங்கே ஊறிப்போயிருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் மட்டும்தான் அந்தக் கழிவறைகளில் வழுக்கி விழுகிறார்களா என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றமே 2025இல் கேட்டுவிட்டது. மாவுக்கட்டால் கத்தி எடுப்பது குறைந்திருந்தால், அரும்பாக்கத்துக்குப் பிறகு இத்தனை வீடியோக்கள் வந்திருக்காது. எலும்பை முறிப்பது தண்டனையும் அல்ல, விசாரணையும் அல்ல. அது குற்றம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வேறு வழியில் போனது. 2005இல் அங்கே காவல்துறையே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. கரின் மெக்லஸ்கி, ஜான் கார்னக்கன் ஆகிய இருவர் அதன் பின்னணியில் இருந்தார்கள். கத்திக்குத்தை ஒரு தொற்றுநோய் போலப் பார்த்தார்கள்: யாரிடமிருந்து யாருக்குப் பரவுகிறது, எங்கே தடுக்கலாம்? கும்பல்களில் இருந்த இளைஞர்களைக் கூப்பிட்டு, காயத்தைத் தைக்கும் மருத்துவரையும் மகனைப் பறிகொடுத்த தாயையும் அவர்கள் முன் பேசவைத்தார்கள். விட்டுவிடுகிறேன் என்றவனுக்குப் படிப்பும் வேலையும் தேடிக் கொடுத்தார்கள்; தொடர்ந்தவனைக் கடுமையாகத் தண்டித்தார்கள். 2004-05இல் ஸ்காட்லாந்தில் பதிவான கொலை வழக்குகள் 137. பத்தாண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. இறங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், வேட்டை நடத்திவிட்டு மறந்துபோகாமல் பத்தாண்டுகள் ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இங்கே செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. ரயில், பேருந்து, பள்ளி, கல்லூரி, திருவிழாக் கூட்டம் ஆகிய இடங்களில் தக்க காரணமின்றிக் கூர்முனைக் கருவியை வெளிப்படையாகவோ மறைத்தோ வைத்திருப்பதைத் தனிக் குற்றமாக மாநில அரசு தெளிவுபடுத்தலாம். அங்குலத்தை விட்டுவிட்டு இடத்தையும் காரணத்தையும் அளவுகோலாக்க வேண்டும். துணியில் சுற்றிக் கட்டிய கரும்புக் கத்தியோடு வேலைக்குப் போகும் தொழிலாளி, பார்த்த உடனே விடுபட வேண்டும். சோதனைக்கும் கட்டுப்பாடு வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒளி, ஒலிப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. இடுப்பிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொரு கத்திக்கும் அந்தப் பதிவு இருந்தால், ‘முன்னுக்குப்பின் முரணாக’ என்ற சொற்றொடரை நம்பி வழக்கு நடத்தும் அவசியம் இருக்காது. நன்னடத்தைப் பிணை வாங்கும் வேலையிலும் இதே ஒழுங்கு வேண்டும். காவல் துணை ஆணையர்களே நிர்வாக நடுவர்களாக அமர்ந்து அதைச் செய்துவந்த ஏற்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது நினைவிருக்கலாம். பிடிப்பவரே தீர்ப்பும் எழுதக் கூடாது என்ற எளிய நியாயம் அது.

சட்டம் கைவைக்க முடியாத பகுதியும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் புத்தகப் பையில் அரிவாளைக் கொண்டுவந்து, பென்சில் தகராறில் சக மாணவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியருக்கும் வெட்டு. திருத்தணியில் 17 வயது. இவர்கள் மீது குண்டர் சட்டம் பாயாது. பெரியவர்களைப் போல இவர்களை விசாரிக்க வேண்டும் என்ற கூச்சல் ஒவ்வொரு முறையும் எழுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதற்கு வழி விடுவது, குறைந்தபட்சம் ஏழாண்டுத் தண்டனை உள்ள கொடுங்குற்றங்களுக்கு மட்டுமே. கொலை முயற்சிக்கு அப்படிக் குறைந்தபட்சத் தண்டனை இல்லாததால் அது அந்த வகையில் வராது என்பதை 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஷில்பா மித்தல் தீர்ப்பு தெளிவாக்கியது. ஆக, அதிகபட்சம் மூன்றாண்டு சிறப்பு இல்லம். அந்த மூன்றாண்டில் பையனுக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திருத்தணி வழக்கில் பிடிபட்ட சிறுவர்களில் மூவர் செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வந்தன. 2022 டிசம்பர் 31 அன்று, அந்த இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துக் கொல்லப்பட்டான். அவன்மீது இருந்தது திருட்டு வழக்கு. கொலை வழக்கில் இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். இத்தகைய இல்லங்களை எப்படி நடத்துவது என்று ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. அவர் தன் அறிக்கையை 2023 நவம்பரில் முதல்வரிடம் கொடுத்தார். திருத்தணிப் பையன்கள் அந்த வளாகத்துக்குள் போனபோது அறிக்கைக்கு இரண்டு வயது முடிந்திருந்தது.